பட்டம் பெற்றோரும் அரசுப் பணிகளும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டதாரிகளுக்குரிய அரசுப் பணிகள் என்னும் பொருளில் பேசுமாறு அறங்காவலர்கள் என்னைப் பணித்தார்கள். தமிழாசிரியனிடம் இப்பொருளை ஏன் ஒப்படைத்தார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். 28 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று ஓய்வுபெற்றவன் நான். இன்றும் மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்குப் பழைய மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் இலக்கண ஐயம் கேட்க வருவதில்லை. 'ஐயா, அடுத்து எந்தத் தேர்வு எழுதலாம்?' என்று கேட்கவே வருகிறார்கள். ஆகவே இப்பொருள் எனக்குப் பழக்கமானதே.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதுகலைத் தமிழும் பி.எட். பட்டமும் முடித்து 1982ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை பேருந்து ஏறிச் சென்று பதிவைப் புதுப்பித்தேன். இடையில் தனிப்பயிற்சி நடத்தினேன். நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதினேன். ஏழாம் ஆண்டு அழைப்புக் கடிதம் வந்தது, 1989இல் ஆசிரியரானேன். பதிவு மூப்பு என்பது அக்காலத்தில் ஒரு வரிசை. வரிசையை விட்டு விலகாமல் நின்றவனுக்கு ஒருநாள் முறை வந்தது. காத்திருத்தலே தகுதியாகக் கருதப்பட்ட காலம் அது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. இதை இந்த அரங்கில் உள்ள இளைஞர்களைவிடப் பெற்றோர்களுக்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று அரசுப் பணிகளில் மிகப் பெரும்பாலானவை போட்டித் தேர்வு வழியே நிரப்பப்படுகின்றன. பத்தாண்டு காத்திருந்தவனுக்கும் நேற்றுப் பட்டம் பெற்றவளுக்கும் வினாத்தாள் ஒன்றே. காத்திருந்ததற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். பெயர் வேண்டா. வேதியியலில் பட்டம் பெற்றவர், அமைதியானவர், கையெழுத்து முத்துப்போல் இருக்கும். பட்டம் பெற்ற புதிதில் என்னிடம் வந்து வழி கேட்டார். 'தொகுதி நான்கு தேர்வைப் பிடித்துக்கொள். வேறெதிலும் மனத்தைச் சிதறவிடாதே. பொறுமையாக எழுதிக்கொண்டே இரு, கிடைக்கும்' என்றேன். என் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடம் அதுதானே! அவர் அப்படியே செய்தார். தொகுதி நான்கை ஆறு முறை எழுதினார். ஒருமுறை இரண்டே வினாக்களில் வாய்ப்பை இழந்தார். முப்பத்தேழாம் வயதில் மீண்டும் என் திண்ணையில் வந்து அமர்ந்தார். பேச்சினிடையே, 'இரயில்வே தேர்வு எதையும் எழுதவில்லையா?' என்று கேட்டேன். 'அது இந்தியில்தானே ஐயா நடக்கும்?' என்றார்.

இரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத்தின் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம். நிலைய மேலாளர், சரக்கு இரயில் மேலாளர், வணிகப் பிரிவு, கணக்குப் பிரிவு எனப் பட்டதாரிகளுக்கான பணிகள் அதில் உண்டு. இது அவருக்குத் தெரியாது. வேதனை என்னவென்றால், அவர் முதன்முதலில் என்னிடம் வந்தபோது எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி, வேறெதையும் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன். இரயில்வேயில் பட்டதாரிப் பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு வழக்கமான வயது வரம்பு 33. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றாண்டுத் தளர்வு. அவர் இரண்டையும் கடந்துவிட்டிருந்தார். என்மேல் அவர் ஒரு சொல்லும் சினந்து பேசவில்லை. சினந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முதல்தான் இத்தேர்வுகளின் அறிவிக்கைகளை ஒன்றுவிடாமல் படிக்கத் தொடங்கினேன். இன்று நான் சொல்லப்போவன அப்படிக் கற்றவையே.

முதலில் நம் மாநிலத் தேர்வாணையம். 1929ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தின் வழியே தோன்றிய பணியாளர் தேர்வாணையமே இதன் மூலம். இந்திய மாகாணங்களுள் முதன்முதலில் அத்தகைய அமைப்பை நிறுவியது சென்னை மாகாணந்தான். தகுதி பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் நம் மண்ணில் நூறாண்டை நெருங்குகிறது என்பதை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. ஆயினும் எல்லாப் பணிகளும் உடனே அவ்வழிக்கு வந்துவிடவில்லை. கிராம மணியமும் கர்ணமும் பரம்பரை உரிமையாகவே நெடுங்காலம் இருந்தன. 1980ஆம் ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அப்பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்னும் பணியை உண்டாக்கியது. மணியக்காரர் வீடு என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகள் நம் ஊர்களில் உள்ளன. அவ்வீட்டுப் பேரப்பிள்ளையும் மற்றவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து தேர்வெழுதித்தான் இன்று அப்பணியைப் பெற வேண்டும். அதுவே முறை.

அந்தக் கிராம நிர்வாக அலுவலர் பணியும், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பணிகளும் தொகுதி நான்கில் அடங்கும். பத்தாம் வகுப்பே கல்வித் தகுதி. 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம், ஒரே தேர்வு. நேர்முகத் தேர்வு இல்லை. எளிய அமைப்பு என்பதனால் கூட்டம் பெரிது. 2024ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலட்சத்துக்கும் மேல். ஓரிடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் என்று கணக்கு வருகிறது. இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன என்றாலும் நெருக்கடி பெரிதாகக் குறையவில்லை.

பட்டதாரி தொகுதி நான்கை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எழுதுங்கள். ஆனால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவுகள் வேறு உள்ளன. தொகுதி இரண்டில் சார்பதிவாளர், உதவித் தொழிலாளர் ஆய்வாளர், நன்னடத்தை அலுவலர் முதலிய பணிகள் உண்டு. இரண்டு-அ பிரிவில் பல துறைகளின் உதவியாளர் பணிகள் உண்டு. தொகுதி ஒன்று துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர், வணிகவரி உதவி ஆணையர், கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் ஆகிய உயர்நிலைப் பணிகளுக்கு உரியது. இவற்றுக்கு முதல்நிலை, முதன்மை எனப் படிகள் உண்டு. முதன்மைத் தேர்வில் விரிவாக எழுதும் திறம் வேண்டும். வட்டமிட்டு விடையளித்தே பழகிய கைக்கு அது எளிதில் வாராது. நாள்தோறும் ஒரு பக்கம் சொந்த நடையில் எழுதிப் பழகுங்கள். எழுதியதைப் பிறரிடம் காட்டுங்கள். நான் இருக்கிறேன், என்னிடம் காட்டுங்கள்.

இனி, தமிழ். இதைப் பற்றிச் சற்று மிகுதியாகப் பேசினால் பொறுத்தருளுங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான அரசாணைப்படி, மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாயிற்று. தொகுதி நான்கில் முதல் 100 வினாக்கள் தமிழே. அதில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண், பெறாவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பொறியியல் படித்த பிள்ளைகள் கணக்கில் வல்லவர்களாக இருந்தும் இங்கே தடுமாறுவதைக் காண்கிறேன். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், மரபுப் பிழை ஆகியவற்றைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்டார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்த இலக்கணமே இன்றும் அவ்வினாக்களின் அடித்தளம். நம் முன்னோர் ஆக்கித் தந்த நூலின் முன் நம் பிள்ளைகள் திகைத்து நிற்கலாமா? ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை வரி விடாமல் படித்தாலே அத்தாளில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் குறிப்பேடுகள் பல, அந்தப் பாடநூல்களின் சுருக்கந்தான்.

தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020இல் அச்சட்டம் திருத்தப்பட்டபின், பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. முதல் வகுப்பு தொடங்கி, அப்பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் அந்தந்த நிறுவனத்தின் சான்று வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, முதல் ஐந்து வகுப்புகளை ஆங்கிலப் பள்ளியில் படித்ததனால் இவ்வுரிமையை இழந்ததை நான் கண்டிருக்கிறேன். தகுதி உள்ளவர்கள் அறிவிக்கை வந்தபின் ஓடாதீர்கள். இந்த விடுமுறையிலேயே தாம் படித்த பள்ளிகளுக்குச் சென்று சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் இணைக்கப்படுகின்றன, மூடப்படுகின்றன. பழைய பதிவேடுகளைத் தேடுவது எத்தனை பாடு என்பது பள்ளியில் பணியாற்றியவர்களுக்கே தெரியும்.

சான்றிதழ் என்றதும் நம்மவர்களுள் நிலவும் ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் நடுவண் அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. அன்று முதல், 'சிறுபான்மைச் சான்று இருக்கிறதே, வேலையில் ஒதுக்கீடு உண்டா?' என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அவ்வறிவிப்பு கல்வி நிறுவனம் நடத்தும் உரிமைக்கும் கல்வி உதவி போன்ற நலத்திட்டங்களுக்கும் பயன்படும். பணியில் ஒதுக்கீடு என்பது உங்கள் சாதிச் சான்றிதழ் சொல்லும் வகுப்பைப் பொறுத்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பாமல், சான்றிதழையே எடுத்துப் படியுங்கள்.

மாநிலச் சான்றிதழை நடுவண் அரசுத் தேர்வுக்குக் காட்டி வாய்ப்பை இழந்தோர் உண்டு. நடுவண் அரசுப் பணிக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்று உரிமை கோர, வளமான பிரிவைச் சாராதவர் என்று குறிக்கும் தனிப் படிவத்தில் சான்று வேண்டும். அதுவும் அறிவிக்கை குறிப்பிடும் காலத்துக்குள் பெற்றதாக இருத்தல் வேண்டும். இ-சேவை மையத்தில் அதற்கென்றே விண்ணப்பிக்கலாம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு 2019 முதல் நடுவண் அரசுப் பணிகளில் உண்டு; தமிழக அரசுப் பணிகளில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

இப்போது நடுவண் அரசுப் பணிகளுக்கு வருவோம். நம் பிள்ளைகள் அதிகம் எட்டிப் பாராத பகுதி இது. பணியாளர் தேர்வு ஆணையம் பட்டதாரிகளுக்கென ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த தேர்வு ஒன்றை நடத்துகிறது. வருமான வரி ஆய்வாளர், தணிக்கையாளர், கணக்காளர், தலைமைச் செயலக உதவிப் பிரிவு அலுவலர் முதலிய பணிகள் அதில் அடங்கும். வருமான வரி ஆய்வாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். மாநில இளநிலை உதவியாளருக்கு 19,500. பட்டம் அதேதான், தேர்வுதான் வேறு. ஊதியம் ஒன்றே அளவுகோல் அன்று. சொந்த மாவட்டத்தில், பெற்றோர் அருகில் இருந்து பணியாற்றும் நிம்மதிக்கு விலை இல்லை. ஆயினும் தெரிந்து தேர்வது ஒன்று, தெரியாமல் இழப்பது வேறு.

அந்தப் பட்டதாரித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இது நமக்குத் தடைதான், மறைக்க விரும்பவில்லை. தமிழிலும் நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. அதே ஆணையத்தின் மேனிலைப் பள்ளித் தகுதித் தேர்வும் பல்பணியாளர் தேர்வும் 2023 முதல் தமிழிலும் நடப்பதால், கோரிக்கைக்குப் பயன் உண்டு என்று தெரிகிறது. ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை உங்கள் வயது நில்லாது. சென்னையில் உள்ள நடுவண் அலுவலகங்களில் வடமாநிலத்தவரே மிகுதி என்று குறைகூறுகிறோம். நம் தெருவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று ஒருநாள் விசாரித்துப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. விண்ணப்பமே போடாதவன் குறைகூறுவதை எங்ஙனம் ஏற்பது?

வங்கிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுடைமை வங்கிகளுக்கு 2011 முதல் பொதுத் தேர்வு நடக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி தனியே நடத்துகிறது. எழுத்தர் தேர்வை, ஆங்கிலப் பகுதி நீங்கலாக, தமிழில் எழுதலாம். மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்னும் விதியும் நமக்குத் துணை. அதிகாரிப் பணிக்கு 20 முதல் 30 வரை வயது. இங்கே விரைவே முதன்மை. ஒரு மணித்துளிக்குள் ஒன்றிரண்டு கணக்குகளை முடிக்க வேண்டும். பட்டம் பெற்ற முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுத வேண்டிய தேர்வு இது. ஆசிரியப் பணியை நாடுவோர் பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் தேறி, அதன்பின் நியமனத்துக்கென மற்றொரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். தகுதித் தேர்வில் தேறியதே வேலை என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

குடிமைப் பணித் தேர்வைச் சொல்லாவிட்டால் தாய்மார்கள் சிலர் வருந்துவார்கள். பிள்ளை ஆட்சியராக வேண்டும் என்ற கனவு எந்த வீட்டில் இல்லை? 21 வயது நிறைந்த எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு வாய்ப்புகள்; பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வரை ஒன்பது. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தையே எடுக்கலாம். மொத்தம் 2,025 மதிப்பெண்களில் அதற்கு 500. குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் பாரதியின் கண்ணன் பாட்டும் பாரதிதாசனின் குடும்ப விளக்கும் அப்பாடத்திட்டத்தில் உள்ளன. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு நான் இதைச் சொல்லி மகிழ்வதுண்டு. சென்னையில் மாநில அரசின் பயிற்சி மையம் உள்ளது. நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் பேரைத் தேர்வு மூலம் தெரிந்து, மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்கு வழங்குகிறார்கள். ஆனால் நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் இடங்களே என்பதையும் மறவாதீர்கள்.

ஒரு சொல், தரகர்களைப் பற்றி. நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்வோர் நம் பக்கத்திலும் திரிகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தொகுதி நான்கு தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையைக் கொண்டு செய்த முறைகேடு வெளிப்பட்டு, 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. பணமும் போயிற்று, வருங்காலமும் போயிற்று.

மீண்டும் வயதுக்கு வருகிறேன். நடுவண் அரசு, வங்கி, இரயில்வே ஆகியவற்றில் வயது வரம்பு கடுமையானது. மாநிலத் தேர்வுகள் பலவற்றில் பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட வகுப்பினருக்கு அது பெரிதும் தளர்த்தப்பட்டுள்ளது. இத்தளர்வு நல்லெண்ணத்தில் தரப்பட்டது. ஆயினும் அதுவே சிலருக்குப் பொறியாகிவிடுகிறது. 'இன்னும் எழுதலாமே' என்று நாற்பது வயது வரை வேறு தொழில் பழகாமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே என்னிடம் வருவோரிடம் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு பத்திகள் வரையச் சொல்கிறேன். வயது வரம்பு முதலில் முடியும் தேர்வுகள் ஒரு பத்தியில். பிறகும் எழுதத்தக்கவை மறு பத்தியில். முதல் பத்தியை முதலில் எழுதுங்கள். அடியில், இத்தனையாம் ஆண்டு வரை முழுநேரம் படிப்பேன் என்று ஓர் ஆண்டைக் குறியுங்கள். நான் மூன்று ஆண்டுகள் என்பேன். அதன்பின் ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டே எழுதுங்கள். அப்பாவும் அம்மாவும் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்வேன். மூன்றாண்டு முடிந்தபின் 'இன்னும் ஒருமுறை' என்று வற்புறுத்துவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாநிலப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீடு உண்டு. மகனுக்கு மூன்றாண்டு கொடுக்கும் நீங்கள், மகளுக்கு வரன் வரும்வரை என்று நாள் குறிக்கிறீர்கள். அவளுக்கும் அதே மூன்றாண்டைக் கொடுங்கள்.

என்னைப் போன்றோர் பெறும் ஓய்வூதியத்தைக் காட்டிப் பிள்ளைகளை அரசுப் பணிக்கு அழைக்காதீர்கள். 2003 ஏப்ரலுக்குப் பின் மாநிலப் பணியில் சேர்ந்தவர்களுக்கு முறையே வேறு. பணியின் தன்மையைச் சொல்லி அழையுங்கள். வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் ஏரிக்கரையில் நிற்கும் கிராம நிர்வாக அலுவலரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டு, அப்படி நிற்க எனக்கும் மனம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும் பிள்ளை எழுதட்டும்.

அந்த வேதியியல் மாணவர் இன்று கடைத்தெருவில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறார். தேர்வு விண்ணப்பங்களை இணையத்தில் பதிந்து தருகிறார். புதிய அறிவிக்கை எது வந்தாலும் முதலில் எனக்குத் தொலைபேசியில் சொல்பவர் அவரே. சென்ற ஆண்டு அவர் விண்ணப்பம் பதிந்து கொடுத்த பிள்ளைகளுள் ஒருத்தி இரயில்வேயில் தேறினாள். இந்த உரைக்கு வேண்டிய அறிவிக்கைகளையும் அவரே அச்சிட்டுத் தந்தார். இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் கூசுவார்.

உணவுக்குப் பின் நூலகக் கூடத்தில் அவரும் நானும் மூன்று மணி வரை இருப்போம். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு வாருங்கள். வெறுந்தாளும் எழுதுகோலும் அங்கே வைத்திருக்கிறோம். பெற்றோரையும் அழைத்து வாருங்கள்.